கிட்டங்கியில் மொய் எழுதியவன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை மலச்சிக்கலில் பிறந்தது.

நான் ஒரு மில்லில் முப்பது வருஷம் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் ஒரு பயிற்சி நிறுவனம் என்னைத் தேடிப் பிடித்து, ‘பணியிட உளவியலின் அடிப்படைக் கருத்துகள்’ என்று எட்டுப் பாடங்கள் தமிழில் எழுதித் தரச் சொன்னது. ஊக்கம், தலைமை, குழு நெறி, பதவிப் பதற்றம் என்றெல்லாம் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, அதன் கீழே ‘பொருத்தமான உதாரணம் ஒன்று, ஐந்து வரிகளுக்குள்’. மூன்று பாடங்கள் ஓடிவிட்டன. நாலாவதில் மாட்டிக்கொண்டேன். நாள் முழுக்க உட்கார்ந்தே எழுதுகிறவனுக்கு முதலில் நின்றுபோவது எழுத்து அல்ல.

நாட்டுமருந்துக் கடைக்குப் போய்ச் சங்கடத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். “நிலாவாரைப் பொடி அண்ணாச்சி. நம்ம ஊர்ச் சரக்கு. ஒரு காலத்துல கப்பல் கப்பலா சீமைக்கே போச்சுல்லா. வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் வயிறு ஒண்ணுதான்.”

மறுநாள் காலை எனக்கு இரண்டு காரியங்களும் இறங்கின. நாலாம் பாடத்துக்கு உதாரணம் என்று தொடங்கினேன். ஐந்து வரியில் நிற்கவில்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அதுதான். நிறுவனத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) கடல் ஆவேசமாக இரைந்துகொண்டிருந்தது.

[அடித்துவிட்டேன். தூத்துக்குடிக் கடலைப் பார்க்காதவன்தான் இப்படி எழுதுவான். அது சாப்பிட்டுப் படுத்தவனைப் போலக் கிடக்கும்.]

(ஆ) முத்துக் குளிக்கப் போன தோணிகள் கரை திரும்பும்

[வேண்டாம். தூத்துக்குடி என்றால் உடனே முத்து. ஊரில் முக்கால்வாசிப் பேர் முத்தைக் கண்ணால் பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள். என் கதையில் முத்து என்பது முத்துக்கனி என்ற பெண்ணின் பெயரில் மட்டும் இருக்கும்.]

(இ) 1946ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, எபனேசர் என்ற இளைஞன் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு நிலாவாரைக் கிட்டங்கிக்குள் நுழைந்தான்.

[இது இருக்கட்டும்.]

ஏன் 1946 என்று கேட்பீர்கள். இன்றைக்கு ஒருவரை வேலையிடத்தில் கவனிக்க வேண்டுமென்றால் கூரையில் ஒரு கேமரா போதும். கேமராவுக்குக் கல்கண்டு கொடுக்க முடியாது. என் கதைக்குக் கல்கண்டு தேவைப்படுகிறது.

3

கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. எதை வைத்தாலும் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு கம்பெனி இருந்து, அதன் கொள்ளுப்பேரன் எனக்குக் கடிதம் போடுவான். மேனேஜர் துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அவருடைய நாற்காலியில் இப்போது சங்கரபாண்டியன் இருக்கிறார், தற்காலிக மேனேஜராக. ‘தற்காலிக’ என்ற ஒரு சொல் மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதுதான் என் ஆறாம் பாடம். சங்கரபாண்டியன் அந்த நாற்காலியில் ஒருநாளும் முதுகு சாய்த்து உட்கார்ந்ததில்லை.

அவரிடம் ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் தொழிற்சாலைகளில் நடந்த ஆராய்ச்சிகளைப் பற்றியது. ஒரு கப்பல்காரர் பரிசாகக் கொடுத்தது. கப்பலிலிருந்து தோணியில்* வரும்போது உப்புத்தண்ணீர் பட்டுப் பின்பாதி முழுவதும் அப்பளக்கட்டுப் போல ஒட்டிக்கொண்டது. முன்பாதியில் இருந்த சேதி: தொழிலாளர்களின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கவனித்தால், வேலை கூடுகிறது. ஏன் கூடுகிறது என்பது பின்பாதியில் இருந்தது.

[*அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. சில மைல் தள்ளி நிற்கும். சரக்கும் ஆளும் தோணியில்தான் போய்வர வேண்டும். இந்த அடிக்குறிப்பு நிறுவனத்துக்காக. அவர்கள் அடிக்குறிப்பு கேட்டிருக்கிறார்கள்.]

பாதிப் புத்தகம் படித்தவர் முழுப் புத்தகம் படித்தவரைவிட உறுதியானவர். அடுத்த வாரமே ‘கவனிப்பாளர்’ என்று ஒரு வேலையை உண்டாக்கி, எபனேசரை அமர்த்தினார். மூன்று வாரம் சோதனைக் காலம். அறிக்கை நன்றாக அமைந்தால் நிரந்தரம். கையில் ஒரு நோட்டு கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, கம்பெனி முத்திரை குத்திய நோட்டு. எழுதினால் அழியாத காப்பிங் பென்சில் ஒன்று. “நடக்குறத ஒண்ணு விடாம எழுதும், வே. கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது” என்றார்.

எபனேசரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவனுக்குச் சுருட்டை முடியும் அகன்ற தோளும் கொடுத்திருந்தேன். கிட்டங்கியில் பன்னிரண்டு பெண்கள். நாலாவது பத்தியிலேயே கதை வேறு திசையில் கிளம்பிவிட்டது. பிடித்து இழுத்து வந்து, அவனை ஒல்லியாக்கி, காதுகளைக் கொஞ்சம் விரித்து, இலைத்தூசி பட்டால் ஏழு தும்மல் என்று ஒரு வியாதியும் வைத்தேன். நாசரேத்து வாத்தியார் மகன், பி.ஏ. படித்து இரண்டு வருஷமாக வேலை இல்லாதவன். இப்போது சரியாக உட்கார்ந்துவிட்டான், முக்காலியில்.

4

வேலை இதுதான். நிலாவாரை இலை மூட்டையாக வரும். தரையில் கொட்டி, பச்சை இலையைத் தனியாகவும் பழுத்ததைத் தனியாகவும் காயையும் குச்சியையும் தனியாகவும் பிரிக்க வேண்டும். பச்சை இலை நிறைந்தால் ஒரு கூடை. நாளொன்றுக்கு ஒவ்வொருத்தி பேரிலும் பதினொரு கூடை விழும். துரை காலத்திலிருந்து பதினொன்றுதான். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை.

[பாடம் 4, வரையறை: குழு நெறி என்பது ஒரு குழுவினர் தமக்குள் எழுதாமலே வகுத்துக்கொண்ட நடத்தை அளவு. சரி, கதைக்கு வருவோம்.]

எபனேசர் வாசல் பக்கம் முக்காலியைப் போட்டான். அங்கேதான் வெளிச்சமும் காற்றும் இருந்தன. மடியில் நோட்டை விரித்தான். பென்சிலைத் தயாராக வைத்தான். ஏழு முறை தும்மினான்.

பெண்கள் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவளான முத்துக்கனி பக்கத்தில் இருந்த செல்லக்கனியிடம் கேட்டாள்: “ஏளா, யாரு இந்தப் பிள்ள? வாசல்ல நோட்டும் பென்சிலுமா உக்காந்திருக்கு?”

“வாசல்ல நோட்டோட உக்காந்தா வேற என்ன? மொய் எழுதத்தான்.”

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் இடத்திலிருந்து பாருங்கள். அதுவரை அவர்கள் வாழ்க்கையில் வாசலோரம் நோட்டோடு உட்கார்ந்த ஆண்பிள்ளை கல்யாண வீட்டில் மட்டும்தான் இருந்தான். அதோடு, கிட்டங்கியில் மொய் என்று ஒன்று உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது. யாருக்காவது முடியவில்லையென்றால், மற்றவர்கள் தங்கள் இலையை அவள் கூடையில் போடுவார்கள். தனக்கு ஒரு கஷ்டம் வரும்போது அது திரும்பி வரும். எழுத்தில் கிடையாது. அதனால் சண்டை ஓயாது. “மாசியில ஒனக்கு ரெண்டு போட்டேம்லா?” “எங்க போட்ட? ஒண்ணரைதான்!” என்று மாதத்துக்கு ஒருமுறை குடுமிப்பிடி. கம்பெனியின் காதுக்கு அது எட்டி, கடைசியில் ஓர் ஆளையே போட்டுவிட்டார்கள் என்று அவர்களுக்கு ஒரே பூரிப்பு.

முத்துக்கனி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். “தம்பி, எழுதிக்கிடுங்க. முத்துக்கனி, மாப்பிள்ளையூரணி. பகவதிக்கு ஒரு கூடை.”

ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தார்கள். எபனேசர் எழுதினான்.

“சத்தமா வாசிங்க.”

வாசித்தான். கிட்டங்கி முழுவதும் தலையாட்டியது. அடுத்த நாள் முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைத் தட்டு வந்தது. கிண்ணத்தில் சந்தனம், தாளில் கல்கண்டு. எபனேசர் நோட்டில் எழுதினான்: ‘தொழிலாளர்கள் காரணமின்றி எனக்குச் சந்தனம் பூசுகின்றனர்.’

5

இந்தப் பகுதியை எழுதும்போது நான் எழுந்து எழுந்து நடந்தேன். வீட்டில் பொடியின் வேலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏனென்றால் எழுதப்பட்ட மொய் வேறு ஜாதி. எழுதாத மொய்க்கு மனசாட்சி மட்டும்தான் சாட்சி. எழுதி, ஊர்ப் பேரோடு உரக்க வாசித்தால், திருப்பிச் செய்யும்போது ஒரு பிடியாவது கூடச் செய்யாவிட்டால் மானம் போய்விடும். செல்லக்கனிக்குப் பல்வலி என்று முத்துக்கனி ஒரு கூடை போட்டாள். பல்வலி சாயங்காலம் போய்விட்டது, கூடை நோட்டில் நின்றது. மறுநாள் செல்லக்கனி வந்து நின்றாள்.

“முத்துக்கனி அக்காவுக்கு ஒண்ணேகால் கூடை எழுதுங்க தம்பி.”

“அவங்களுக்கு என்ன கஷ்டம்?”

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. அதுக்காக நான் வாங்குனத வச்சுக்கிட்டு இருக்க முடியுமா?”

முத்துக்கனி பொறுப்பாளா? ஒன்றரை. இவள் ஒன்றேமுக்கால். மற்ற பத்துப் பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? காதுகுத்துக்கு மொய், கன்று ஈன்றதற்கு மொய், தலைவலிக்கு மொய், தலைவலி தீர்ந்ததற்கு மொய். கொடுப்பதற்கு இலை வேண்டுமே, கைகள் பறந்தன. முதல் வாரம் ஆள் பேருக்குப் பன்னிரண்டு கூடை. இரண்டாம் வாரம் பதிமூன்று. மூன்றாம் வாரம் பதினாலு.

சங்கரபாண்டியன் தன் அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தார். முக்காலியைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், பாதிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார். அது துரையின் எடைக்குப் பழகிய நாற்காலி; இவரோடு பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது.

எபனேசருக்கு விஷயம் எப்போது புரிந்தது? நாலாம் நாளே. அவன் மொய் தெரியாத ஊர்க்காரனா என்ன? “நான் மொய் எழுத வரவில்லை” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷம் வேலையில்லாமல், தெருவில் தெரிந்தவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போனவன். இங்கே பன்னிரண்டு பேர் அவனுக்காக வரிசையில் நின்றார்கள், அவன் எழுத்தை நம்பினார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எபனேசர் கெட்டிக்காரனும் இல்லை, வாயைத் திறந்து புளுகவும் இல்லை. அதனால் பதினாறு நாள் ஓடியது.

6

பதினேழாம் நாள் மத்தியானம், கஞ்சி குடிக்கும் நேரத்தில் எபனேசர் முத்துக்கனியிடம் கேட்டான்: “அக்கா, பதினாலு முடியுதுல்லா? பிறகு ஏன் இத்தன வருசமா பதினொண்ணுல நின்னீங்க?”

[முத்துக்கனியை நான் முதலில் வாயாடியாக எழுதியிருந்தேன். கையை நீட்டி, முந்தானையை இடுப்பில் சொருகி, மேனேஜரை எதிர்த்து வசனம் பேசுகிறவளாக. அப்படிப்பட்டவள் பின்னால் பன்னிரண்டு பேர் ஒருநாள் போவார்கள், பத்து வருஷம் போகமாட்டார்கள். மாற்றிவிட்டேன். இவள் மெல்லத்தான் பேசுவாள்.]

“பதினாலு என்ன, பதினஞ்சும் முடியும் தம்பி. ஆனா எல்லாருக்கும் எல்லா நாளும் முடியாதுல்லா? போன வருசம் எனக்கு டைபாய்டு. எந்திரிச்சு வந்து நாப்பது நாளு சும்மா உக்காந்து கைய ஆட்டிக்கிட்டு இருந்தேன். எம் பேர்ல பதினொண்ணு விழுந்துச்சு. பதினாலுன்னு வச்சுக்கிட்டா அவங்கவங்க கூடைக்கே கை சரியாப் போவும். பக்கத்துல எப்படி நீட்டுறது?”

எபனேசர் கஞ்சியைக் கீழே வைத்தான்.

“இப்ப யாருக்கு முடியல?”

முத்துக்கனி கோடியில் உட்கார்ந்திருந்த பகவதியைப் பார்த்தாள். பகவதி முப்பத்தைந்து வயதுக்காரி. அவள் விரல்கள் மட்டும் வேகமாக ஓடின. குச்சியையும் காயையும் தொட்டே எடுத்துவிடுவாள். பச்சையையும் பழுப்பையும் தொட்டு அறிய முடியாது.

“ஒரு வருசமா கண்ணுல வெள்ளையாப் படருது. கையால அவ பாக்குறது நாலு கூடை. அவ மாப்பிள்ளை தோணிக்கும் கப்பலுக்கும் இடையில விழுந்து இடுப்பு போனவரு. வீடே இவ கையிலதான் ஓடுது. வெளிய சொல்லிராதீங்க தம்பி.”

எபனேசர் வெளியே சொல்லவில்லை. எழுதியிருந்தான். பக்கம் பக்கமாக, தேதியோடு, ஊர்ப் பேரோடு, அழியாத பென்சிலில்: பகவதிக்கு ஒரு கூடை, பகவதிக்கு அரைக் கூடை, பகவதிக்கு ஒரு கூடை. அன்று அவனுக்குத் தும்மல் வரவில்லை.

7

மறுநாள் சங்கரபாண்டியன் கிட்டங்கிக்குள்ளேயே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அடுத்த வாரத்துல இருந்து ஆளுக்குப் பதினாலு கூடை. ஒங்களால முடியும்னு நீங்களே காட்டிட்டீங்க. எபனேசர், நாளைக்குக் காலையில நோட்டு என் மேசைக்கு வரணும், வே. யாரு யாரு எத்தனைன்னு பாத்து, சொந்தக் கையால எட்டாதவ பேரைச் சிவப்பு மையில எடுத்து எழுதும். அவங்களுக்கு இங்கன வேலை கிடையாது. நோட்டு வரலைன்னா ஒமக்கும் கிடையாது.”

அவர் போனபின் மற்றவர்கள் பகவதி இருந்த கோடியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் இங்கே பத்து நாள் நின்றேன். முடிவுகளை எழுதி எழுதி அடித்தேன். நீங்களும் பாருங்கள்.

முடிவு ஒன்று: எபனேசர் நோட்டைக் கடலில் எறிகிறான். [நல்ல காட்சி. ஆனால் நோட்டு இல்லாவிட்டால் அவனுக்கு வேலை போகும், சங்கரபாண்டியன் புது நோட்டோடு புது ஆளைப் போடுவார். பகவதிக்குக் கிடைப்பது மூன்று வாரம்.]

முடிவு இரண்டு: சங்கரபாண்டியன் நோட்டைப் படித்துக் கண் கலங்குகிறார். [முப்பது வருஷத்தில் நான் பல மேனேஜர்களைப் பார்த்தவன். இரண்டு பேர் அழுது பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் தங்கள் மாற்றல் உத்தரவைப் படித்தபோது அழுதார்கள்.]

முடிவு மூன்று: பன்னிரண்டு பெண்களும் வேலைநிறுத்தம் செய்து, கூடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஊர்வலமாக [எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். மூன்று பக்கம் எழுதினேன், கோஷம்கூட இயற்றினேன். ஆனால் ஊர்வலம் எதற்கு என்று ஊர் கேட்குமே? பகவதிக்குக் கண் தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும்?]

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் கிச்சுக்கிச்சு மூட்டியதெல்லாம் இதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான். என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு நோட்டு என் கையிலும் இருந்தது. ஒருமுறைதான். நான் அதைக் கொடுத்தேன். சிவப்பு மையில் ஒரு பேர். அதன்பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. நாலாம் பாடத்தில் நான் ஏன் மாட்டிக்கொண்டேன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

8

மறுநாள் காலை. மேனேஜர் வர அரைமணி நேரம் இருந்தது. எபனேசர் முக்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். தான் மொய் எழுத வந்தவன் இல்லை, அது நாலாம் நாளே தனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தது தன் தப்பு, நோட்டில் பகவதி அக்காவுக்கு வந்த மொய்யைக் கழித்தால் சொந்தக் கையின் நாலு கூடை தெரிந்துவிடும் என்று.

செல்லக்கனி, “படிச்ச மூதி!” என்று வைதாள். முத்துக்கனி அவள் கையைப் பிடித்து அடக்கினாள்.

“நான் குடுக்க மாட்டேன்” என்றான் எபனேசர். “வேலை போனாப் போகட்டும்.”

அப்போதுதான் பகவதி எழுந்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டு, இலைக் குவியலில் கால் படாமல், அவன் குரல் வந்த பக்கம் நடந்து வந்தாள்.

“தம்பி, பென்சில எடுங்க. எழுதிக்கிடுங்க. பகவதி, கோரம்பள்ளம்.”

“அக்கா...”

“எபனேசர் தம்பிக்கு, ஒரு வேலை.”

“ஏளா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றாள் முத்துக்கனி. அவள் குரல் உடைந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

“கிறுக்கெல்லாம் இல்லக்கா. இந்த நோட்டு பூராவும் நான் வாங்குனவளாத்தான் கெடக்கேன். பகவதிக்கு, பகவதிக்குன்னு அந்தப் பிள்ள வாசிக்க வாசிக்க, எனக்குத் தலையே நிமிரல. ஒரு வரியிலயாவது நான் குடுத்தவளா இருக்கணும்லா? நீங்க நோட்டக் குடுத்துட்டு நிரந்தரமா இருங்க தம்பி. எழுதுங்க. சத்தமா வாசிங்க.”

எபனேசர் பென்சிலை எடுத்தான். எழுதினால் வாங்கியதாகும், வாங்கினால் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒரு வேலையை எதைக் கொண்டு திருப்புவது? எழுதாவிட்டால், அவள் கொடுக்க வந்ததை எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றதாகும். ஒரே ஒரு முறை கொடுப்பவளாக வந்து நின்றவளிடம்.

வாசலில் செருப்புச் சத்தம். சங்கரபாண்டியன் உள்ளே வந்து, சிரித்தபடி கையை நீட்டுகிறார். “எங்க, வே, நோட்டு?”

பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினொருவர் என்று எழுத வேண்டும், திருத்தவில்லை. எபனேசர் நோட்டைப் பார்க்கிறான், நீட்டிய கையைப் பார்க்கிறான், பிறகு

இந்த வாக்கியத்தை ஒருமுறை நான் முடித்திருக்கிறேன். இரண்டாம் முறை என்னை நம்பாதீர்கள். பென்சிலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் பகவதி அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள், காதைத் தீட்டிக்கொண்டு. எழுதியது என்னவென்று அவளுக்குத் தெரியாது. நீங்கள்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், சத்தமாக.